மேற்கு வயலின் உயரப் பயிர்கள்

அத்தியாயம் 14

மதுமதி அன்று கோழி கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டாள். நெல்லுக்காக அந்த நேரத்தில் எழுவது அவளுக்குப் பழக்கம்தான். மகளுக்காக எழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

போன வாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் சிவகணேஷ் சொன்னது அவள் காதிலேயே நின்றது. "பிள்ளைட்டயே கேளு. உங்கூட வாறேன்னு சொன்னா நான் மறிக்க மாட்டேன். மாட்டேன்னு சொன்னா அதோட நீயும் விட்ரணும்." தனித்தனி வீட்டில் இருக்க ஆரம்பித்த இந்த இரண்டு வருடத்தில் கணவனும் மனைவியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பெரியவர்கள் இருவரால் தீர்க்க முடியாததைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளை, நித்யகல்யாணி, இன்று வருகிறாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு, பள்ளிக்கூட பஸ்ஸில். பயிர் விஞ்ஞானிகள் என்னதான் வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்ப்பதற்கு.

மதுமதி வேலை பார்க்கும் நெல் ஆராய்ச்சிப் பண்ணை விக்கிரமசிங்கபுரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, கால்வாயை ஒட்டி இருந்தது. ஓர் அறக்கட்டளை நடத்துகிற பண்ணை. இயக்குநர் தேவசிகாமணி பாளையங்கோட்டைக்காரர், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். "நம்ம பிள்ளைகளுக்கு ராக்கெட் விடுதவனைத் தெரியும், ஊசி போடுதவனைத் தெரியும். தட்டுல கிடக்க சோத்துக்குப் பின்னால ஒரு விஞ்ஞானி நிக்கான்னு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் அவரே இந்த ஏற்பாட்டைச் செய்தார். முதலில் எந்தப் பள்ளிக்கூடம் வரட்டும் என்று அவர் கேட்டபோது, மகளின் பள்ளிக்கூடத்தைச் சொன்னவள் மதுமதி.

தான் வேலை செய்வதை மகள் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்ற ஆசை. "உங்கம்மாவுக்கு நெல்லுதான்டி பிள்ளை" என்று வண்ணார்பேட்டையில் யாராவது சொல்ல, நித்யா கேட்டு வளர்ந்திருந்தாள். அது முழுப்பொய் என்று மதுமதியால் வாதாடவும் முடியாது. இரண்டு ரகங்களைச் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குகிற வேலை அவளுடையது. திருநெல்வேலியில் பஸ் ஏறி, அம்பாசமுத்திரத்தில் மாறி, இங்கே வந்து இறங்குவதற்குள் அன்றைய பூ பூத்து மூடிவிடும். ஆறு மாதம் என்று சொல்லித்தான் இங்கே வீடு பிடித்தாள். ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒருமுறை நித்யாவுக்கு அம்மை போட்டிருந்தது. சேதி வந்து மூன்றாம் நாள்தான் மதுமதி போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் அந்த மூன்றாம் நாளை யாரும் மறக்கவில்லை, குறிப்பாகச் சிவகணேஷ்.

அதற்கெல்லாம் இன்று ஈடு கட்டிவிடலாம் என்று அவள் நம்பினாள். நேற்று வயல்பக்கமே போகவில்லை. அம்பாசமுத்திரம் பஜாருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லென்ஸ் வாங்கினாள். வீட்டின் சின்ன அறையை ஒழித்துக் கழுவி, ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, பத்தமடைப் பாய் விரித்தாள். மேற்கு வயலில் ஒரு வேலை பாக்கி இருந்தது: தேர்ந்தெடுத்த பயிர்களுக்குச் சிவப்பு நாடா கட்டவேண்டும். பிள்ளைகள் போனபிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். எந்தப் பயிர் எது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியவேண்டும்?

பஸ் வந்து நின்றதும் முதலில் இறங்கியவள் சித்ரலேகா. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சிவகணேஷின் தங்கை. நித்யாவுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பரீட்சைக்குப் படிக்கவைத்து, கூடப் படுத்துக்கொள்வதும் அவள்தான்.

"என்ன மைனி, இப்படி மெலிஞ்சு போயிட்டிய?"

"வெயிலு, சித்ரா. வா, மோர் குடி."

நித்யா கூட்டத்தின் நடுவில், ஷம்ஸியா என்ற சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்பதுபோல இருந்தது. மதுமதிக்கு அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தாலும், முப்பது பிள்ளைகள் நடுவில் கூச்சப்படுவாளே என்று தலையை மட்டும் தடவினாள்.

வெயில் ஏறத் தொடங்கியது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிசானப் பருவத்து நெல் முழுக்கக் கதிர் தள்ளி நின்றது. மதுமதி பிள்ளைகளை வரப்போரமாக உட்காரவைத்தாள்.

"நெல்லு எப்படி வருது?"

"அரிசிக் கடையில இருந்து!" என்றான் ரசீத் என்ற பையன். எல்லோரும் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தாள்.

"பூவுல இருந்துடே. நெல்லும் பூக்கும். லென்ஸை எடுத்து, இந்தக் கதிரைப் பைய வளைச்சுப் பாருங்க. உமி ரெண்டும் வாயைத் தொறந்திருக்கும். உள்ள ஆறு மகரந்தப்பை தொங்கும். ஒரு மணி நேரம்தான் தொறந்திருக்கும். மூடிட்டுன்னா மூடினதுதான், அந்தப் பூ பெறவு தொறக்கவே தொறக்காது."

"அப்போ பாத்ரூம் போயிட்டு வந்தா?" என்றான் ரசீத்.

"போனா போச்சு. அடுத்த வருஷம்தான்."

சொல்லிவிட்டு அவள் மகளைத்தான் பார்த்தாள். நித்யா ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸுக்குள் ஆழ்ந்திருந்தாள்.

"அம்மா, உள்ள பஞ்சு மாதிரி ரெண்டு நிக்கு."

"அதுதான் சூல்முடி. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் காலேஜ்ல ரெண்டு நாள் ஆச்சு. நீ வந்த உடனே பாத்துட்ட."

"ஏட்டி, இது உங்கம்மாவா?" என்று ஷம்ஸியா வாயைப் பிளந்தாள். "சொல்லவே இல்ல!"

நித்யாவின் முகம் சிவந்துபோனது. பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அடுத்து விதை வயலுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகளைச் சும்மா பார்க்கவைத்து அனுப்பாமல், விஞ்ஞானிகள் செய்கிற ஒரு வேலையை அவர்கள் கையாலேயே செய்யவைக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள்.

"இது விதைக்குன்னே வளக்குத வயல். இதுல எல்லாப் பயிரும் ஒரே ரகமா இருக்கணும். வேற ஒண்ணு உள்ள புகுந்துட்டா அதுக்குப் பேரு கலவன். அதோட மகரந்தம் பறந்து மத்ததையும் கெடுத்துரும். இப்பம் பாருங்க. எல்லாம் உங்க இடுப்பு அளவு நிக்குது. ஒண்ணு மட்டும் தோள் அளவு உயரமா நின்னா அது என்னது?"

"கலவன்!" என்று கத்தினார்கள்.

"என்ன செய்யணும்?"

"பிடுங்கணும்!"

"வேரோட பிடுங்கணும். பிடுங்கினதை வயல்லயே போடக்கூடாது. வரப்பைத் தாண்டிக் கொண்டுபோயி மாட்டுக்குப் போட்ரணும். பச்சையா நிக்கே, கதிரு வந்துட்டேன்னு பாவமே பாக்கக்கூடாது. விஞ்ஞானிக்கு அங்கன மட்டும் மனசு கல்லா இருக்கணும்."

பிள்ளைகள் கூச்சலோடு சேற்றில் இறங்கினார்கள். பாதிப் பேர் உயரம் சரியாகத் தெரியாமல் முழித்தார்கள். நித்யா மட்டும் வரப்பில் உட்கார்ந்து, கதிர் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, வயல் முழுக்க ஒரு பார்வை ஓட்டினாள். பண்ணை ஆட்கள் செய்வது அதுதான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேராக நடந்துபோய், நடு வயலில் நின்ற ஒன்றை வேரோடு பிடுங்கித் தூக்கிக் காட்டினாள்.

"எம்மவளாச்சே!" என்று மதுமதி வாய்விட்டுச் சொன்னாள்.

திரும்பி வரும்போது வரப்பில் நித்யா தாயின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன ஸ்கூலுக்கு பஸ் வருமாம்மா?"

மதுமதி நின்றுவிட்டாள். "வீட்டு வாசல்லயே வரும்."

"அப்பா ஞாயித்துக்கிழமை வருவாவளா?"

"வருவாவ. நான் வரச் சொல்லுதேன்."

"அத்தை?"

"அத்தையும் வரலாம்."

"அப்போ யோசிக்கேன்" என்றாள் நித்யா பெரிய மனுஷிபோல. யோசிக்கிறாள்! மதுமதிக்கு அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழலாமா என்று இருந்தது. ஆறே மாதம் என்று சொல்லிவிட்டுப் போன தாயை ஒரு பிள்ளை மன்னிக்கப் பார்க்கிறது. இதைவிட அவளுக்கு என்ன வேண்டும்?

தூங்குமூஞ்சி மரத்தடியில் பிள்ளைகள் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். விதைக் கொட்டகையில் சித்ரலேகா தனியாக நின்றிருந்தாள். மதுமதி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பிள்ளை ஒட்டிக்கிட்டாளே மைனி."

"பெத்தவ கிட்ட ஒட்டாம வேற எங்க ஒட்டுவா?"

"சரிதான்." சித்ரலேகா தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "ஜூன் மாசம் அவ இங்கன வந்துட்டா, விடிஞ்சா நான் யாருக்குச் சடை போடணும்னு நெனச்சுப் பாத்தேன். போன வருஷம் அந்தத் தென்காசி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்போ, பிள்ளை அஞ்சாவது முடிக்கட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். அந்த மாப்பிள்ளை இப்பம் வேற பொண்ணைக் கட்டிட்டான். தெரியுமா ஒங்களுக்கு?"

மதுமதிக்குத் தெரியாது. தெரியாதது அவளைச் சுட்டது. சுட்ட இடத்தில் ஆறுதல் சொல்லத் தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஒன்னைத் தள்ளிப்போடச் சொல்லி நான் கேக்கலையே சித்ரா."

சித்ரலேகா தண்ணீரை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்தாள்.

சொன்னது தப்பு என்று மதுமதிக்கு உடனே தெரிந்தது. அதைச் சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு, கொட்டகை ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். "அந்தா, மேற்க ஒரு வயல் தெரியுதுல்லா? குட்டையா நிக்குததுக்கு நடுவுல உயரமா கொஞ்சம் பயிரு நிக்கு பாரு. இவ்வளவும் அதுக்காகத்தான். உயரமா வளரும், சாயாது. கார்த்திகை மாசம் வயல் முங்கினப்போ மத்ததெல்லாம் அழுகிப்போச்சு, அது மட்டும் தலையைத் தூக்கிட்டு நின்னுச்சு. அஞ்சு வருஷ வேலை. அடுத்த மாசம் அதைப் பாக்க அறக்கட்டளைக்காரங்க வாராங்க. அதுல மட்டும் விதை எடுத்துட்டேன்னா நான் ஜெயிச்சேன். பெறவு எம் பிள்ளையை நானே பாத்துக்கிடுவேன். நீ ஒன் வாழ்க்கையைப் பாரு."

"உயரமா நிக்கே, அதுவா?"

"அதேதான். கதிருல இன்னும் பால்கூடப் பிடிக்கலை, விதை முத்த நாளிருக்கு."

சித்ரலேகா அந்த வயலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், தேவசிகாமணி சார் கூப்பிடுகிறாராம். மதுமதி சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அலுவலகத்தில் புகைப்படம், கேள்வி, காப்பி. ஒரு புது ரகம் வெளியே வர எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு நிருபர் கேட்டார். பத்து வருடம்கூட ஆகலாம் என்று மதுமதி சொன்னாள். பொறுமைக்கு எப்படிப் பழகிக்கொண்டீர்கள் என்று அவர் கேட்டதற்கு அவளிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் நித்யா வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு, மூச்சு இரைப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! அந்தப் பக்கத்து வயல்லயும் கலவன் நின்னுச்சு. நாங்களே எல்லாத்தையும் பிடுங்கிட்டோம். ஒனக்கு வேலை மிச்சம்!"

"எந்த வயல்?"

நித்யா மேற்கே கையைக் காட்டினாள்.

மதுமதி எழுந்து ஓடினாள். செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. மேற்கு வயல் ஒரே மட்டமாக, குட்டையாக, மிகச் சுத்தமாக இருந்தது. அங்கங்கே பிடுங்கிய குழிகளில் தண்ணீர் ஊறியிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பண்ணை மாடு தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் நின்று, கடைசிப் பிடிப் பயிரை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மாட்டின் மேல் பாய்ந்தாள். அதன் தாடையைப் பிடித்து, வாய்க்குள் கையை விட்டு, தொங்கிய தாளை இழுத்தாள். மாடு தலையைச் சிலுப்பியது. கையில் வந்தது எச்சில் ஒழுகும் பச்சைக் கூழ். அதைப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். படித்த பெண், பெரிய விஞ்ஞானி, மாட்டின் வாயோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ரசீதும் மற்றவர்களும் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். நித்யா சிரிக்கவில்லை.

"அம்மா, என்னம்மா?"

திரும்பியவள் கண்ணுக்கு அங்கே மகள் தெரியவில்லை. குழி குழியாய்க் கிடந்த வயல்தான் தெரிந்தது. கை தானாக ஓங்கி, நித்யாவின் கன்னத்தில் இறங்கியது.

"அறிவிருக்காட்டி ஒனக்கு? அஞ்சு வருஷம்! ஒன்னைய யாருட்டி இங்கன வரச் சொன்னா?"

சிரிப்பு நின்றுபோனது. நித்யா கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"நீதானம்மா சொன்ன. உயரமா நின்னா கலவன்னு. மாட்டுக்குப் போட்ரணும்னு. பாவம் பாக்கக்கூடாதுன்னு."

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். நல்ல மாணவி. பாடம் நடத்தியவள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வயலில் களையப்படுகிற பயிர் அடுத்த வயலில் காப்பாற்றப்படுகிற பயிராக இருக்கும் என்பது. அது மதுமதிக்கு இத்தனை காலமாக மூச்சு விடுவதுபோலத் தெரிந்திருந்ததால், சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

தேவசிகாமணி வந்து சேர்ந்தபோது அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவர் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒண்ணுகூட இல்லையாம்மா?"

"இல்ல சார்."

"போன வருஷ விதை இருக்கும்ல?"

"இருக்கு. அதுல இருந்து இந்தப் பயிரைத் திரும்ப எடுக்கணும்னா இன்னும் எத்தனை காருப் போகம், எத்தனை பிசானப் போகமோ. வந்தாத்தான் உண்டு."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "யாரு பிடுங்கினது?"

"நான்தான் சார்" என்று நித்யா முன்னால் வந்தாள். கன்னத்தில் தாயின் விரல் தடம் பச்சைக் கூழோடு அப்படியே இருந்தது.

"நீயா இறங்கினியா, யாராவது சொன்னாங்களா?"

"நானாத்தான் சார்."

சித்ரலேகா பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் கால் கழுவ அடிபம்புக்குப் போனார்கள். கடைசியாகப் போன ஷம்ஸியா திரும்பி வந்து, மதுமதியின் பக்கத்தில் பயந்து பயந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நித்யாவ இனிமே அடிக்காதீங்க. நாங்க மிஸ்ட்ட கேட்டுட்டுத்தான் இறங்கினோம். அங்கனயும் கலவன் நிக்கு மிஸ், பிடுங்கட்டுமான்னு நித்யாதான் கேட்டா. போய்ப் பிடுங்குங்க, அம்மா சந்தோஷப்படுவாங்கன்னு மிஸ் சொன்னாங்க."

மதுமதி அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். கொட்டகை ஜன்னல் நினைவுக்கு வந்தது. உயரமா நிக்கே, அதுவா? அதேதான் என்று தானே கையை நீட்டிக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மதுமதி வெறுங்காலோடு அதை நோக்கி நடந்தாள். சித்ரலேகா முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். மதுமதி வருகிற வேகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. மதுமதியின் வாயில் அத்தனை வார்த்தையும் தயாராக இருந்தது: எல்லோர் முன்னாலும், பிள்ளைகள் முன்னாலும், டிரைவர் முன்னாலும் சொல்லவேண்டும். இவள் யார் என்று இந்த ஊருக்கே தெரியவேண்டும்.

"அம்மா, இங்க வா."

பின் ஜன்னலில் நித்யாவின் தலை தெரிந்தது. மதுமதி அங்கே போனாள்.

"ஷம்ஸியா சொல்லிட்டாளா?" என்று நித்யா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சொன்னா."

"சார்ட்ட சொல்லாதம்மா. அப்பாட்டயும் சொல்லாத. அத்தைக்கு வேலை போயிரும்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி. ஒங்கத்தை வேணும்னே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் இங்கன வந்துருவேன்னு அத்தை நேத்தெல்லாம் அழுதாவ. சாப்பிடவே இல்ல."

மதுமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயது. அத்தை செய்தது இன்னது, ஏன் செய்தாள் என்பது வரை இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் நின்றிருக்கிறாள். எங்கே கற்றாள் இதை? நிச்சயமாகத் தன்னிடம் இல்லை என்ற நினைப்பு மதுமதியை அறுத்தது.

"அம்மா அடிச்சது தப்பு. என்னைய மன்னிச்சிரு தாயி."

"வலிக்கலைம்மா." கொஞ்சம் யோசித்தாள். "நான் அத்தைகூடவே இருந்துக்கிடுதேம்மா. ஒனக்கு நெல்லு இருக்குல்லா. அத்தைக்கு யாரு இருக்கா?"

கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. கோபம் ஆறும், பிள்ளை மனம் மாறும் என்று காத்திருக்கலாம். நித்யா ரொம்பச் சாதுவாக, கணக்குப் போட்டு விடை சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தாயின் கையைத் தொட்டாள்.

"சொல்ல மாட்டீல்லாம்மா?"

"சொல்ல மாட்டேன்."

பஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி மறைகிறவரை அவள் அங்கேயே நின்றாள். சித்ரலேகா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவசிகாமணி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். "உக்காருங்கம்மா. அந்தப் பிள்ளை பொய் சொல்லுது. உங்க பிள்ளைங்கறதுக்காகச் சொல்லல, பத்து வயசுப் பிள்ளை யாரும் சொல்லாம இவ்வளவு பேரையும் கூட்டிட்டு வயல்ல இறங்காது. யாரோ பெரியவங்க சொல்லியிருக்கணும். அந்த டீச்சரா? சொல்லுங்க. அவங்க பள்ளிக்கூடத்துல நானே பேசுதேன். அறக்கட்டளைக்கு நான் ஒரு ஆளைக் காட்டியாகணும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். சித்ரலேகாவின் வேலை போகும், சிவகணேஷுக்குத் தங்கையின் முகம் தெரியும், நித்யா அந்த வீட்டில் இருக்கவேண்டிய நியாயமே போய்விடும். மதுமதி கண்ணை மூடித் திறந்தாள்.

"நான்தான் சார் சொன்னேன்."

"நீங்களா?"

"ரெண்டு வயலும் ஒண்ணுதான்னு அதுகளுக்குத் தோணும்படியா சொல்லிக் குடுத்தது நான்தான். நாடா கட்டாம விட்டதும் நான்தான்."

"ஏம்மா கட்டல?"

"நேத்து வயலுக்கு வரல. எம்மவ வாறான்னு வீட்டைக் கழுவிட்டு இருந்தேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவருக்குச் சொல்ல அத்தனை நேரம் பிடித்தது.

"இதை நான் அவங்கள்ட்ட எப்படிச் சொல்ல? கர்த்தரே." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "அவங்க வந்து போறவரைக்கும் நீங்க வயலுக்கு வர வேண்டாம்மா. அதுக்குப் பெறகு என்னங்கிறது என் கையில இல்லை. வயல் சாவியை மேஜைல வச்சிட்டுப் போங்க."

அவள் சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்த ஊரில் இனி அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. சிவகணேஷ்.

"என்ன நடந்துச்சு அங்கன? சித்ரா பஸ்ல இருந்து போன் பண்ணி அழுதா. ஏன்னு கேட்டா, தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லுதா. என்ன தப்பு?"

"ஒண்ணும் இல்ல."

"அவ அழுது நான் பாத்ததே இல்ல மது. நீ என்ன சொன்ன அவளை?"

"நான் ஒண்ணும் சொல்லல."



"சரி, பிள்ளைட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

மதுமதி பூட்டிய கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"வரலையாம்" என்றாள். "எனக்கு நெல்லு இருக்காம்."